வாரிசு வேறு, உயில் பெற்றவர் வேறு

போன வருடம் தெரிந்த அம்மா ஒருவர் கையில் ஒரு பழைய மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் பதிவு செய்த உயில் ஒன்று. கல்யாணம் செய்துகொள்ளாத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கடைசிக் காலத்தில் பல வருடம் கவனித்துக்கொண்டவர் இந்த அம்மாதான். சமையல், மருந்து, ஆஸ்பத்திரி, கடைசியில் குளிப்பாட்டுவது வரை எல்லாம் இவர் கை. ஆசிரியை தன் இரண்டு அறை வீட்டை இவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பட்டா மாற்றப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள்: "வாரிசு சான்றிதழ் இருக்கா?"

"உயில் இருக்குங்க."

"உயில் இருக்கட்டும்மா. நீங்க வாரிசா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆசிரியையின் அண்ணன் மகன்கள் வெளியூரில் இருக்கிறார்கள். வாரிசு என்று பார்த்தால் அவர்கள்தான். இந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அப்போ நான் யாரு சார்?"

நான் வக்கீல் இல்லை. பழைய பத்திரங்களையும் தீர்ப்புகளையும் வாசித்துக் குறிப்பெடுப்பவன், அவ்வளவுதான். வழக்குக்கு வேண்டிய யோசனையை வேறொருவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உயில் மூலம் சொத்து பெறுகிறவருக்குத் தமிழில் என்ன பெயர்? யோசித்துப் பாருங்கள். உயில் எழுதியவர் உண்டு, சாட்சி உண்டு, பத்திர எழுத்தர் உண்டு. வாங்கிக்கொள்கிறவருக்குப் பேச்சில் பெயரே இல்லை. "அவர் எழுதி வச்சாரு" என்கிறோம். எழுதி வைத்தவருக்கு வினைச்சொல் இருக்கிறது. பெற்றவருக்குப் பெயர்ச்சொல் இல்லை. அந்தக் காலி இடத்தில் 'வாரிசு' என்ற சொல்லைப் போட்டு ஒப்பேற்றி வருகிறோம். அது ஒத்துப்போகாத சொல் என்பது ஏதோ ஒரு அலுவலகத்தில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது.

ஒரே வேர், இரண்டு சொல்

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். 'உயில்' ஆங்கிலத்தின் 'வில்'தான். காதில் விழுந்தபடி முன்னால் ஒரு உகரம் சேர்ந்துகொண்டது. அதுவும் நல்லதுதான், இல்லாவிட்டால் அம்பு விடுகிற வில்லோடு குழம்பியிருக்கும். பழைய ஆவணங்களில் 'மரண சாசனம்' என்றும் எழுதினார்கள்.

'வாரிசு' அரபுச் சொல். வக்கீல், ஜப்தி, முன்சீப், தாசில்தார் எல்லாம் வந்த அதே வழியில், பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தின் கச்சேரிகள் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது. அதே அரபு வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: மிராசு. மிராசுதாரும் வாரிசும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818ல் மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுதியபோது, தமிழில் 'காணியாட்சி' என்று இருந்ததைத்தான் மிராசு என்று அழைக்கிறார்கள் என்று விளக்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'வாரிசு' என்ற சொல் பிறந்த சட்டத்தில் உயில் மூலம் பெறுகிறவர் வாரிசாகவே இருக்கக் கூடாது. இஸ்லாமியச் சட்டத்தில் வாரிசு என்றால் இன்னாருக்கு இவ்வளவு என்று முன்பே பங்கு குறிக்கப்பட்டவர். மனைவிக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. 'வசிய்யத்' என்பதுதான் உயில். (மலையாளத்தில் உயிலை 'ஒஸ்யத்து' என்பது இதிலிருந்து வந்ததுதான்.) கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத்தில் கொடுக்க முடியாது. சுன்னி முறையில், மற்ற வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய, ஒரு வாரிசுக்கே வசிய்யத் எழுதவும் முடியாது. ஏற்கெனவே பங்கு உள்ளவருக்கு மேலும் கொடுத்து இன்னொருவர் பங்கைக் குறைக்காதே என்பது அதன் நியாயம்.

ஆக, அந்தச் சட்டத்தில் 'வாரிசு', 'வசிய்யத் பெறுபவர்' இரண்டும் எதிரெதிர்ப் பெட்டிகள். நாம் சொல்லைக் கடன் வாங்கினோம். பெட்டிகளை விட்டுவிட்டோம்.

ரோமில் கடனும் சேர்ந்து வந்தது

இந்தப் பிரிவை இன்னும் கறாராக வைத்திருந்தவர்கள் ரோமானியர்கள். அவர்கள் சட்டத்தில் 'ஹேரெஸ்' வேறு, 'லெகதாரியுஸ்' வேறு. ஹேரெஸ் என்பவர் செத்தவரின் இடத்தில் அப்படியே போய் உட்காருகிறவர். சொத்து, வழக்கு, குடும்ப வழிபாடு எல்லாம் அவர் தலையில். கடனும்தான். சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தால் தன் கைக்காசைப் போட்டு அடைக்க வேண்டும். லெகதாரியுஸ் அப்படி இல்லை. 'இன்ன தோட்டம் இன்னாருக்கு' என்று உயிலில் சொல்லியிருந்தால் அதை வாங்கிக்கொண்டு போகலாம்.

நமக்கு விநோதமாகத் தெரிவது இது: ரோமில் உயிலில் ஹேரெஸ் யார் என்று முதலில் குறிப்பிட்டாக வேண்டும். அது இல்லாவிட்டால் உயிலே செல்லாது. அதாவது வாரிசை உயிலிலேயே உண்டாக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நம்ம அம்மா அங்கே பிறந்திருந்தால் 'நீங்க வாரிசா?' என்ற கேள்விக்குக் காகிதத்தைக் காட்டி 'ஆமாம்' என்றிருக்கலாம்.

ஆனால் அந்த 'ஆமாம்' எப்போதும் சந்தோஷமான 'ஆமாம்' அல்ல. கடனில் மூழ்கிய எஜமான் ஒருவர் தன் அடிமைக்கு உயிலில் விடுதலை கொடுத்து, அவனையே ஹேரெஸ் ஆக்கிவிட்டுச் செத்துப்போவார். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுங்கலாம். அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. 'கட்டாய வாரிசு' என்றே அவனுக்குப் பெயர். கடன்காரர்கள் வந்து ஏலம் போடும்போது திவாலான பெயர் எஜமானுக்கு ஒட்டாது, அடிமைக்கு ஒட்டும். விடுதலைக்கு அவன் கொடுத்த விலை அது.

இன்னொரு பக்கம், உயிலில் லெகதாரியுஸ்களுக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டால் ஹேரெஸுக்கு மிஞ்சுவது பொறுப்பு மட்டும். 'எனக்கு இந்த வாரிசுப் பட்டமே வேண்டாம்' என்று அவர் ஒதுங்கினால் உயில் மொத்தமும் விழுந்துவிடும். அதனால் கி.மு. 40ல் ஃபால்சிடியச் சட்டம் வந்தது: ஹேரெஸுக்குக் குறைந்தது நாலில் ஒரு பங்கு மிஞ்சியே ஆக வேண்டும். பொறுப்பைச் சுமக்கிறவருக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவு பிரெஞ்சுச் சட்டம் வழியாகப் புதுச்சேரிக்கும் வந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் ரத்த உறவால் வருகிறவர் 'எரித்தியே', உயிலால் வருகிறவர் 'லெகத்தேர்'. லெகத்தேரிலும் முழுச் சொத்துக்கு உரியவர், ஒரு பகுதிக்கு உரியவர், குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு உரியவர் என்று மூன்று வகை. 1881ன் ஆணைக்குப் பிறகு தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சொற்கள் புத்தகச் சொற்கள் அல்ல, பாகப் பிரிவினையில் புழங்கிய சொற்கள்.

இங்கிலாந்தில் வாரிசை ஆண்டவனே உண்டாக்க முடியும்

ஆங்கிலேயர்கள் இதற்கு நேர்மாறு. வாரிசை ஆண்டவன்தான் உண்டாக்க முடியும், மனிதனால் முடியாது என்பது அவர்களுடைய பழைய சட்டக் கொள்கை. ஆங்கிலச் சட்டத்தில் 'ஏர்' என்றால் நிலத்துக்கு ரத்த வழியில் வருகிறவர், பெரும்பாலும் மூத்த மகன். 1540 வரை நிலத்தைப் பொதுவாக உயிலால் கொடுக்கவே முடியாது. அதைச் சுற்றிவளைத்துச் செய்ய வைத்திருந்த வழியை எட்டாம் ஹென்றி 1536ல் அடைத்தார். நிலக்காரர்கள் கொதித்தார்கள். நாலு வருடத்தில் உயில் சட்டம் கொண்டுவந்து வழிவிட வேண்டியதாயிற்று.

நகை, பணம், ஆடுமாடு போன்ற அசையும் பொருளுக்கு வேறு கதை. அவற்றின் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள் 1857 வரை கவனித்துவந்தன. இரண்டு நீதிமன்றம் என்பதால் சொல்லும் இரட்டையாகிவிட்டது. உயிலால் நிலம் பெறுகிறவர் 'டிவைஸீ'. அசையும் பொருள் பெறுகிறவர் 'லெகடீ'. ரத்த வழியில் நிலம் பெறுகிறவர் மட்டும் 'ஏர்'. ஒரே உயிலில் ஒருவருக்கு வயலும் கடிகாரமும் எழுதி வைத்தால், வயலுக்கு அவர் டிவைஸீ, கடிகாரத்துக்கு லெகடீ!

'எழுதி வைத்தல்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பெக்வீத்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதன் பழைய பொருள் 'சொல்லுதல்'. சாகும்போது வாயால் சொன்னது அவர்களுக்கு உயில். நமக்கு எழுதி வைத்தால்தான் உயில். உயில் நம்மிடம் பத்திரத்தோடும் கச்சேரியோடும் வந்தது என்பதற்கு நம்முடைய அந்த வினைச்சொல்லே சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

பங்காளி இருக்கும் வீட்டில் உயிலுக்கு இடம் இல்லை

இப்போது நம் ஊருக்கு வருவோம். பழைய இந்து தர்ம நூல்களில் உயில் என்ற ஏற்பாடு கிடையாது. இருந்தது 'தாயம்'. முன்னோர் சொத்தில் பின்னோருக்கு உள்ள உரிமை. சங்கப் பாடல்களிலேயே அரசுரிமைக்கு இந்தச் சொல் வருகிறது. தாயாதி என்ற சொல்லும் இதிலிருந்துதான். தென்னாட்டில் செல்லுபடியான மிதாட்சர முறையில், மகன் பிறக்கும்போதே பூர்வீகச் சொத்தில் பங்கோடு பிறக்கிறான். அதனால்தான் அவன் பெயர் பங்காளி. ஒரு பங்காளி செத்தால் அவன் பங்கு யாருக்கும் 'போவதில்லை'. மீதிப் பங்காளிகளோடு கரைந்துவிடுகிறது. இதில் உயிலுக்கு எங்கே இடம்?

1829ல் சென்னை அரசாங்கம் போட்ட ஒழுங்குவிதி ஒன்று, இந்து சட்டத்துக்கு ஒத்துவராத உயிலுக்குப் பலம் இல்லை என்று சொன்னது. ஆனாலும் ஜனங்கள் உயில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன நாகலட்சுமி அம்மாள் வழக்கில் 1856ல் இந்துக்களின் உயில் எழுதும் அதிகாரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்படியும் பிரியாத குடும்பத்துப் பங்கை உயிலில் எழுத முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 1874ல் விட்டல பட்டர் வழக்கில் சொன்ன காரணம் அழகானது. உயில் உயிர்பெறுவது சாகும் நொடியில். அதே நொடியில் பங்காளிகளின் உரிமையும் எழுகிறது. இரண்டும் மோதினால் பங்காளி உரிமைதான் முந்தியது, ஏனென்றால் அது பிறப்பிலேயே வந்தது. இந்த நிலை 1956ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை நீடித்தது. அதன் 30வது பிரிவுதான் கூட்டுக்குடும்பத்தில் தன் பங்கை உயிலால் கொடுக்க வழி செய்தது.

தாகூர் வீட்டு வழக்கு

வாரிசுக்கும் உயில் பெறுகிறவருக்கும் நடந்த நேரடிச் சண்டை என்றால் அது கல்கத்தா தாகூர் வழக்குதான். பெரிய வக்கீலும் ஜமீன்தாருமான பிரசன்ன குமார் தாகூரின் மகன் ஞானேந்திர மோகன் 1851ல் கிறிஸ்தவரானார். முந்தைய காலமாக இருந்தால் மதம் மாறியவர் சொத்துரிமையை இழப்பார். ஆனால் அதற்கு முந்தைய வருடம்தான், 1850ன் 21வது சட்டம், மதம் மாறினாலும் வாரிசுரிமை போகாது என்று சொல்லியிருந்தது. அதை எதிர்த்து வங்காளத்திலும் சென்னையிலும் இந்துக்கள் விண்ணப்பம் போட்டார்கள். ஆக, மகன் வாரிசாகவே இருந்தார். அப்பாவுக்கு மீதி இருந்த ஒரே ஆயுதம் உயில். வங்காளத்தில் தாயபாக முறை; அங்கே அப்பா இருக்கும்வரை சொத்து முழுக்க அப்பாவுடையது என்பதால் அந்த ஆயுதம் வேலை செய்யும்.

பிரசன்ன குமார் 1862ல் உயில் எழுதினார். மகனுக்கு ஒன்றும் இல்லை. பெரும் சொத்தை அண்ணன் மகன் ஜதீந்திர மோகன் ஆயுள் வரை அனுபவிக்க வேண்டும். பிறகு ஆண் வழியில் மட்டும், மூத்தவருக்குப் பின் மூத்தவர் என்று தலைமுறை தலைமுறையாகப் போக வேண்டும். இது அச்சு அசல் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்து ஏற்பாடு. சட்டம் படித்தவர் எழுதிய உயில். (கல்கத்தா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தாகூர் சட்டச் சொற்பொழிவுகளும் இவர் உயிலில் விட்ட பணத்தில் தொடங்கியவைதான்.)

1868ல் அவர் இறந்ததும் மகன் வழக்குப் போட்டார். 1872ல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. இந்துவின் உயில் என்பது கொடை மாதிரி. கொடை என்றால் வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் இருக்க வேண்டும். உயில் எழுதியவர் சாகும்போது பிறந்திருக்காத ஒருவருக்கு எழுதிவைக்க முடியாது. அடுத்தது, இந்துச் சட்டத்தில் இல்லாத ஒரு வாரிசு முறையைத் தனிமனிதர் ஒருவர் உயிலில் உண்டாக்க முடியாது. மூன்றாவது, மகனுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதினால் மட்டும் வாரிசுரிமை போய்விடாது; சொத்து செல்லுபடியாகும் விதத்தில் வேறொருவருக்குப் போயிருக்க வேண்டும். அதனால் ஜதீந்திர மோகனின் ஆயுள் உரிமை நிற்கும். அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் விழும். விழுந்த இடத்தில் சொத்து யாருக்கு? வாரிசுக்கு. எந்த மகனுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்று எழுதினாரோ அந்த மகனுக்கு.

இந்தத் தீர்ப்பை நான் இரண்டு மூன்று முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பிடிபடுவது ஒன்றுதான். உயில் எழுதுகிறவரால் யாருக்குக் கொடை என்று சொல்ல முடியும். யார் வாரிசு என்று சொல்ல முடியாது. வாரிசு சட்டம் தருகிற இடம். உயில் பேசாத இடத்திலெல்லாம் வாரிசு காத்துக்கொண்டிருக்கிறார்.

பிறக்காதவர் விஷயத்தில் பிறகு சட்டம் இறங்கிவந்தது. சென்னை மாகாணம் 1914லேயே ஒரு சட்டம் போட்டது. 1916ல் இந்திய அளவில் ஒன்று வந்தது. ஆனால் கொடை என்ற அடிப்படை மாறவில்லை.

அப்போ அந்த அம்மா யார்?

இந்தியாவின் 1925ம் வருட வாரிசுரிமைச் சட்டம் ஆங்கிலேயரின் இரட்டைச் சொற்களைத் தூக்கிச் சுமக்கவில்லை. நிலமானாலும் நகையானாலும் உயிலால் பெறுகிறவர் 'லெகடீ' என்றே சொல்கிறது. ஒரே சொல், தெளிவான சொல். தமிழில் அதைச் சொல்லும்போதுதான் நமக்குத் தடுமாற்றம். 'பயனாளி' என்றால் ரேஷன் கார்டு ஞாபகம் வருகிறது. 'வாரிசு' என்றால் தாசில்தார் தரும் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டும்; அந்தச் சான்றிதழ் உறவுகளைத்தான் பட்டியலிடும், உயிலைப் பார்க்காது. நான் என் குறிப்புகளில் 'உயில் பெறுநர்' என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்ளத் தயார்.

சொல் முக்கியமா என்று கேட்கலாம். முக்கியம்தான். வாரிசு இறந்தால் அவர் இடத்தில் அவர் பிள்ளை வருவது பல சமயம் நடக்கும். உயில் எழுதியவருக்கு முன்பே உயில் பெறுநர் இறந்துவிட்டால், அவர் எழுதியவரின் பிள்ளையோ பேரனோ ஆக இல்லாதபட்சத்தில், அந்தக் கொடை பெரும்பாலும் அதோடு முடிந்துபோகும். வாரிசு தன் பிறப்பைக் காட்டினால் போதும். உயில் பெறுநர் ஒரு மனிதரின் விருப்பத்தை நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது வந்து பேச வேண்டியிருக்கும். 'நானும் வாரிசுதான்' என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் அந்தச் சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியதைத் தவறவிட்டுவிடுவார். இந்த அம்மாவின் உயிலில் ஒரு சாட்சிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவர் மறுபடி வந்தபோது சொன்னேன். "நீங்க வாரிசு இல்லம்மா. அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. வாரிசுன்னா பிறப்பால வர்றது. உங்களுக்கு டீச்சர் யோசிச்சு, பேர் எழுதிக் கொடுத்தது. சட்டத்துல அதுக்குத் தனி இடம் இருக்கு." வாரிசா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், உயில்படி பெற்றவள் என்று சொல்லுங்கள் என்றேன்.

"அதை ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க சார். நான் மறந்துடுவேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மடித்து, உயில் இருந்த அதே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். எண்பது வயது சாட்சியை அழைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்க அடுத்த வாரமே போயிருக்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.